விலாசினி சேச்சியின் சம்பளம்

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த அஷ்கருக்கு நம்பவே முடியவில்லை. மிக்சி சத்தத்துக்கே அலறும், பேச்சு வராத அவன் மகன் ஹாதி, அவனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த விலாசினி சேச்சியின் மேல் சாய்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தான்.

"இவனைப் பாத்துக்கச் சொன்னா சொந்தக்காரங்களே ஓடிடுவாங்க. இவங்களுக்குச் சம்பளம் நமக்குக் கட்டுப்படியாகுமா சஜ்னா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"செருப்பை மாட்டுங்க இக்கா. ஹாதி பொறந்தப்புறம் நாம சேர்ந்து பாக்கப்போற முதல் படம், ஆரம்பிச்சிரும்."

"சம்பளத்தைச் சொல்லு!"

"ஒரு சினிமா."

"விளையாடாதே."

"நிஜமாத்தான். அவங்களுக்கும் ஹாதி மாதிரி ஒரு பொண்ணு இருக்கா. இப்ப அவ அப்பா பாத்துக்கிறார். அடுத்த சனிக்கிழமை சேச்சியும் அவங்க வீட்டுக்காரரும் படத்துக்குப் போவாங்க, பொண்ணை நாம பாத்துக்கணும்."

அஷ்கர் சிரித்துவிட்டான்.

"சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு மட்டும் முழுக்கைச் சட்டை போட்டுக்குங்க. அவ கடிப்பா."