ஒன்பதாவது கிளினிக்

"படிக்கத் தெரியாதா உங்களுக்கு? அரசுக் காப்பீட்டு அட்டை எடுக்கிறதில்லைன்னு சுவத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கே!"

வரவேற்பு மேஜைக்காரி போட்ட சத்தத்தில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தையல்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் கத்தரிக்கோலைப் பிடிக்கவே ஒரு மணி நேரமாகிறது. 'மூட்டுவாத ஸ்பெஷலிஸ்ட்டைப் பாரும்மா' என்று சொல்லத்தான் ஊரெல்லாம் ஆள். அவள் அட்டையை வாங்கத்தான் ஆளில்லை. இது ஒன்பதாவது கிளினிக்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன், மேடம்..."

"அதெல்லாம் முடியாது. நகருங்க!"

அட்டையை ஒரு உறைக்குள் திணித்து மேஜைமேல் விட்டெறிந்தாள்.

வாசலைத் தாண்டியதும், துணைக்கு வந்த மூத்த ஓர்ப்படி பொரிந்து தள்ளினாள்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான்கிற கதைதான். மூஞ்சியைப் பார்த்தியா, எள்ளும் கொள்ளும் வெடிக்குது!"

"விடுங்கக்கா..." என்றபடி உறையைப் பிரித்த தையல்காரி அப்படியே நின்றாள்.

அட்டையோடு ஒரு துண்டுச்சீட்டு.

'புதன் காலை ஏழு மணி. பெரிய ஆஸ்பத்திரி, பின் கட்டிடம், மூணாம் நம்பர் ரூம். தங்கமான டாக்டரம்மா. இந்த அட்டை போதும். கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க, முதலாளி பின்னாடியே நிக்கிறார்.'

"அடிப்பாவி!" என்று ஓர்ப்படி வாயில் கை வைத்தாள். "நான் வேற கண்டபடி திட்டிட்டேனே!"

புதன்கிழமை டாக்டரம்மா ஒவ்வொரு விரலையும் பொறுமையாக அழுத்திப் பார்த்தார். "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. மருந்தை விடாம சாப்பிட்டா பழையபடி தைக்கலாம்" என்றார்.

தையல்காரி வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். வரிசையின் கடைசி பெஞ்சில், கையில் டோக்கனோடு அந்த வரவேற்பு மேஜைக்காரி!

"நீயாம்மா?" ஓர்ப்படி ஓடிப்போய் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க டாக்டரே பெரிய மூட்டுவாத ஸ்பெஷலிஸ்ட்டாச்சே. அவரை விட்டுட்டு இங்க என்ன பண்றே?"

அவள் வீங்கிய விரல்களை விரித்துக் காட்டிச் சிரித்தாள்.

"எங்க கிளினிக்ல என் அட்டையையும் எடுக்க மாட்டாங்கக்கா!"