கூடுதலாக ஒரு புள்ளி

பழங்காலக் களிமண் பலகை ஒன்றின் படத்தில், சூரியனைச் சுற்றி ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது. அது மறைந்திருக்கும் கோள் என்றும், வருகிற ஐப்பசியில் பூமியின் மேல் மோதும் என்றும் யூடியூப்பில் ஒருவர் சொன்னதைக் கோதண்டம் நம்பினார். அது வெறும் நட்சத்திரம் என்று படித்தவர்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. டாக்டர் செய்யச் சொன்ன இதய ஆபரேஷனுக்கும் சம்மதிக்கவில்லை.

“எல்லாரும் போகப்போறோம். எனக்கு மட்டும் எதுக்கு நெஞ்சைப் பிளக்கணும்?”

மனைவி இந்திராணி ஒரு வாரம் அழுதாள். பிறகு ஒருநாள், தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

“நானும் ஒரு வீடியோ பாத்தேங்க. அந்தக் கோள்லேர்ந்து ஆளுங்க இறங்கி, நல்லா நடக்கிறவங்களை மட்டும் கூட்டிட்டுப் போவாங்களாம். பலகையிலேயே எழுதியிருக்காம்.”

“பலகையிலேயா?”

“பின்ன? நீங்க குளிச்சிட்டு வரவே மூச்சு வாங்குது. நான் மட்டும் போய்க்கிறேன்.”

அன்று மாலையே அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ஐப்பசி வந்தது, அடைமழை பெய்துவிட்டுப் போனது. வேறெதுவும் வரவில்லை. கார்த்திகையில் வெயில் அடித்த ஒரு காலை, கோதண்டம் மொட்டைமாடிக்கு ஏறிப்போனார். இந்திராணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் உதறிய சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்திரா, அந்த வீடியோவை எனக்கும் காட்டேன்.”

“அதை எடுத்துட்டாங்க போல.”

இருவருமாகச் சேலையைக் கொடியில் விரித்தார்கள்.

“நல்ல வீடியோ,” என்றார் கோதண்டம்.

இந்திராணி சேலைக்கு அந்தப் பக்கம் போய்க் கிளிப் மாட்டத் தொடங்கினாள். நெடுநேரம் மாட்டிக்கொண்டிருந்தாள்.