பேரைத் திருடியவன்

"என் பேரைத் திருடி எவனோ இன்டர்நெட்ல கடை நடத்துறான்மா! ஆளை மட்டும் பிடிச்சுக் கொடு. கம்பி எண்ண வைக்கிறேன்!"

மெத்தைக் கடை முதலாளி போட்ட சத்தத்தில், தணிக்கைக்கு வந்திருந்த ஆடிட்டர் பெண்ணுக்குக் காது அடைத்தது.

அவர் நீட்டிய போனைப் பார்த்தாள். கடையின் பெயர், படம், முதலாளி பெயர், எல்லாம் அச்சு அசல். போன் நம்பர் மட்டும் வேறு.

"யார் மேலயாவது சந்தேகமா சார்?"

"சந்தேகம் என்ன, என் தம்பியேதான்! பாகம் பிரிச்சுட்டு அடுத்த தெருவுல கடை போட்டான். அதோட அவன் மூஞ்சியில முழிக்கிறதில்லை."

அவள் அந்தப் பக்கத்தை அலசினாள். மோசடி என்றால் எங்காவது 'இந்த அக்கவுண்டில் பணம் போடுங்க' என்று வந்து நிற்க வேண்டும். இதில் காசுப் பேச்சே இல்லை. குறை சொன்னவர்களுக்கெல்லாம், 'மன்னிச்சுக்குங்க, நானே ஆள் அனுப்பிச் சரிபண்ணித் தர்றேன்' என்று பதில்.

முதலாளி வாயில் மன்னிப்பா? அங்கேதான் அவளுக்கு இடித்தது.

வீட்டுக்குப் போனதும் அந்தக் கடையில் வாங்கிய தன் மெத்தையின் தையலைத் தானே பிரித்துவிட்டு, வாடிக்கையாளர் மாதிரி அந்தப் பக்கத்தில் புகார் போட்டாள்.

மறுநாள் வாசலில், ஊசி நூல் பையோடு ஒருவர். முதலாளியின் அதே மூக்கு!

உட்கார்ந்து பொறுமையாகத் தைத்து முடித்தார். காசு நீட்டியபோது வாங்கவில்லை.

"சார், நான் உங்க அண்ணன் கடை ஆடிட்டர்."

மனிதர் முகம் செத்துப்போனது.

"அவர் போலீசுக்குப் போகப் போறார். ஏன் சார் இந்த வேலை?"

"அண்ணனுக்குக் கை தங்கம்மா. வாய்தான் நெருப்பு. குறைன்னு யார் வந்தாலும் எரிஞ்சு விழுவார். வர்றவங்களை எல்லாம் விரட்டிட்டா கடை என்னத்துக்கு ஆகும்? நான் உதவி பண்றேன்னு போனா வாசப்படி மிதிக்க விடுவாரா? அதான்..."



அவர் தயங்கினார். "ஒரு உதவிம்மா. என் கடை பேர்லயும் எவனோ இப்படி ஒண்ணு ஆரம்பிச்சிருக்கான். ஆகா ஓகோன்னு எழுதி, ஆளுங்களை என் கடைக்கே அனுப்புறான். என்ன திட்டமோ தெரியலை. நான் கூப்பிட்டா கட் பண்ணிடுறான்."

அவள் அந்த நம்பரைத் தன் அம்மாவின் போனில் அடித்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வணக்கம்ங்க, மெத்தை வேணும். இந்தக் கடை எப்படி?"

நேற்று அவள் காதை அடைத்த அதே குரல், தேனாய்க் குழைந்தது.

"நம்ம தம்பி கடைங்க! கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்!"