மூன்றாவது அடுப்புக்கல்

"இன்னும் ஒரு சுத்து பாத்துடலாம்," என்றான் ஜாயித்.

"செருப்பு தேஞ்சு போச்சு. இப்ப காலும் தேயணுமா?" என்றாள் அவன் மனைவி தூடா.

வானத்திலிருந்து விழுந்த இரும்புக்கல் பாலையில் தோண்டிவிட்ட அந்தப் பெரிய பள்ளத்தின் விளிம்போடு அவன் நடந்தான். கறுப்பாகத் தெரிந்த கல்லையெல்லாம் காந்தம் கட்டிய கோலால் தொட்டான். எதுவும் ஒட்டவில்லை.

தூடா கழுதையைப் பிடித்தபடி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரும்பில் ஒரு துண்டு கிடைத்தாலும் போதும், விற்றுவிட்டு ஸ்பெயினுக்குப் படகேறு என்றுதான் மாமனார் மகனை அனுப்பியிருந்தார். ஜாயித்தின் அண்ணன் ஹம்முவும் அப்படித்தான் போனான். அப்புறம் படகும் இல்லை, ஆளும் இல்லை.

அந்தத் துண்டு அவளிடம்தான் இருந்தது.

வந்த அன்று அடுப்புக்கு இன்னொரு கல் வேண்டும் என்றாள். ஜாயித் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுச் சுள்ளி பொறுக்கப் போனான். அருகில் கிடந்த கோலைத் தூடா நகர்த்தியபோது, காந்தம் அந்தக் கல்லில் பட்டென்று ஒட்டிக்கொண்டது. கோலைப் பிடுங்கி எடுத்தாள். கல்மேல் கரியைப் பூசினாள். அன்றிலிருந்து அதன்மேல்தான் தேநீர் கொதிக்கிறது. பாலைவனத்தையே சோதிக்கிறவன் அடுப்புக்கல்லையா சோதிக்கப் போகிறான்?

சர்க்கரை தீர்ந்தது. மாவும் தீர்ந்தது.

"போதும். வீட்டுக்குப் போலாம்," என்றான் ஜாயித். "கிடைக்கலைன்னு சொல்லிடறேன்."

"மாமா திட்டுவாரே."

"நீயெல்லாம் ஆம்பளையான்னு கேப்பார். கேக்கட்டும்."

அவன் குதிகால்கள் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"அந்த அடுப்புக்கல்லு இரும்பு, ஜாயித். முதல் நாளே எனக்குத் தெரியும். உன்னைப் போகவிட மனசில்லை. இப்படி நடக்கவிட்டேனே, பாவி நான்!"

அவன் எழுந்து, கல்லைக் காலால் தள்ளினான். அது பள்ளத்தில் உருண்டு மணலில் புதைந்தது.

"காலு இப்படி ஆனாத்தான் தேடினேன்னு அப்பா நம்புவாரு. உனக்கு அவர் முன்னாடி பொய் சொல்ல வராது, அதான் உங்கிட்டயும் சொல்லலை," என்றான். "ரெண்டு கையாலயும் தூக்க முடியாம தூக்கிட்டு வந்தவன் தூடா நான். இரும்போட கனம் எனக்குத் தெரியாதா?"