ஹெல்மெட்டில் ஒரு காக்கைக் குஞ்சு

சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது.

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அந்தப் பக்கம் பாக்காத. மரத்தப் பாரு.”

மரத்தைப் பார்த்தாள். புங்கமரம். நேற்று மாலை கோடை மழை பெய்திருந்தது. ஒவ்வோர் இலையும் தலைக்குக் குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது.

கண் கேட்டால்தானே? அது திரும்பவும் அந்தப் பக்கமே போனது.

அந்தப் பக்கம் சிரிப்புச் சங்கம்.

பெரம்பூரின் அந்தச் சின்னப் பூங்காவில் காலைதோறும் கூடுகிறவர்கள். வட்டமாக நின்று, கையைத் தூக்கி, ஹா ஹா என்று சிரிப்பார்கள். நுரையீரலுக்கு நல்லதாம்.

நல்லதுதான். அவளைத் தவிர எல்லோருக்கும்.

அவளுக்குச் சிரித்தால் இழுப்பு வரும்.

புகையில் வரும், தூசியில் வரும், அது ஊருக்கே தெரிந்த சங்கதி. சிரித்தாலுமா என்று கேட்காதீர்கள் கண்ணுகளா, வரும். தங்கை மகள் வளைகாப்பில் யாரோ எதையோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நெஞ்சுக்குள் விசிலானது. கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஆம்புலன்ஸில் ஏறினாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டு டி.வி.யில் காமெடி வந்தால் சேனல் மாறிவிடும். தங்கை போன் செய்தால் விலைவாசியும் சாவுச் செய்தியும் மட்டும்தான் பேசுவாள். பாவம், நல்ல எண்ணம்தான்.

லாரிகள் உறுமிக்கொண்டே இருக்கும் சாலைமேல் வீடு. டாக்டரம்மா மருந்தை மாற்றிக் கொடுத்தார். வேளை தவறக்கூடாது என்றார். காலையில் மரம் இருக்கிற இடமாகப் பார்த்து மெல்ல நடங்கள் என்றார்.

தை மாதத்திலிருந்து வருகிறாள். முதலில் கேட்டிலிருந்து குழாயடி வரை. பிறகு ஊஞ்சல் வரை. இப்போது ஒரு முழுச் சுற்று, பேசிக்கொண்டே.

பேச முடிந்தது. யாரும் இல்லாத ஒரு நாள் பாடக்கூடப் பாடிப் பார்த்தாள்.

சிரிக்க மட்டும் துணியவில்லை.

சங்கத்துக்குத் தலைவர் ஏகாம்பரம் சார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிரிப்பையும் ரயில் மாதிரிதான் விடுவார். விசில் ஊதினால் புறப்பட வேண்டும். மறுபடி ஊதினால் நிற்க வேண்டும். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு எந்த ஸ்டேஷனிலும் ஏறியதில்லை.

நேற்று அவர் மண்டையில் காகம் கொத்திவிட்டது. புங்கமரத்தில் கூடு. குஞ்சுகள் பறக்கப் பழகும் நேரம், தாய்க்குக் கோபம்.

இன்று அவர் ஹெல்மெட்டோடு வந்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் அவள் முந்தானை வாய்க்குப் போனது.

“சனி புடிச்சா எள்ளு விளக்கு ஏத்தணும் சார். ஹெல்மெட் போட்டா எறங்கிடுமா?” என்றாள் சங்கத்துப் பரிபூரணம்.

“வெட்டிப் பேச்சு வேணாம்மா. எல்லாரும் ரெடி!”

விசில்.

அப்போதுதான் அது வந்தது. கிளையிலிருந்து ஒரு காக்கைக் குஞ்சு. பாதி பறந்து, பாதி விழுந்து, நேராக ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது.

அவருக்குத் தெரியவில்லை.

“ஹா!” என்றார்.

குஞ்சு வாயைப் பிளந்தது. உள்ளே ஒரே சிவப்பு.

“ஹா! ஹா!”

பிளந்தது. மறுபடியும் பிளந்தது.

சங்கம் மொத்தமும் தூக்கிய கையோடு நின்றது.

“என்ன கம்பம் மாதிரி நிக்கிறீங்க? சிரிங்க! ஒடம்புக்கு நல்லது, சிரிங்க!”

தாய்க் காகம் இறங்கியது. அலகில் எங்கேயோ கிடைத்த இட்லித் துண்டு. ஹெல்மெட்டின் விளிம்பில் நின்று, அவசரமே இல்லாமல், பிள்ளைக்கு ஊட்டிவிட்டது.

முந்தானை நழுவியது.

அவள் சிரித்தாள்.

குனிந்து சிரித்தாள். பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ‘ஐயோ, ஐயோ’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையாலேயே ஏகாம்பரம் சாரைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். அவளைப் பார்த்துச் சங்கமும் உடைந்துபோனது. பரிபூரணம் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கணவர் எழுந்துவிட்டார். ஒரு கை அவள் முதுகில். மறு கையில் இன்ஹேலர், மூடியைத் திறந்தபடி.

சிரிப்பு ஓய்ந்தது.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

அவள் தலையைச் சாய்த்து, தன் நெஞ்சைத் தானே ஒட்டுக்கேட்டாள்.

விசில் கேட்டது.

கணவர் பதறிப்போனார். ஆனால் அது ஏகாம்பரம் சார். தலைமேல் இருப்பது தெரிந்துவிட்டது போலும், ஊதிக்கொண்டே ஓடுகிறார்.

நெஞ்சுக்குள் ஒன்றுமில்லை.

காற்று உள்ளே போனது. ஈர மண்ணின் வாசனையோடு, புங்கம்பூவின் வாசனையோடு, அடி வரைக்கும் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

அவ்வளவுதான். எல்லோருக்கும் போய் வருகிற மாதிரி.

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். பூங்காவே சிரித்துக்கொண்டிருக்க, அவர் முகம் மட்டும் இறுகிக் கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது. வளைகாப்பு நாளுக்குப் பிறகு இவர் சிரித்து அவள் பார்க்கவேயில்லை.

அவர் கையிலிருந்ததை வாங்கி மூடினாள். தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. இப்ப நீங்க சிரிங்க.”

அவர் வாயைத் திறந்தார்.

நெடுநாள் தண்ணீர் வராத குழாய் மாதிரி, முதலில் காற்றுதான் வந்தது.