யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்

'வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார் ஸ்டுடியோக்காரர்.

படங்கள் விஷயத்தில் எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனிதர். இருபத்தெட்டு வருடமாக ஒவ்வொரு படத்தின் நட்டநடுவிலும் தன் பெயரை அடித்து வைத்தவர். கேட்காமல் ஒரு படத்தை எடுத்துப் போட்ட பேக்கரிக்காரனோடு கோர்ட் வரை போய் மல்லுக்கட்டியவர். அவர்தான் இப்போது ஓர் இலவசப் படத் தளத்தில் உட்கார்ந்து வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மகள் வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடம். போலீஸ் கையை விரித்துவிட்டது. சினேகிதிகள் வாயைத் திறக்கவில்லை. நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம் என்று ஒரே ஒரு கடிதம் வந்தது, முகவரி இல்லாமல்.

அவளைக் கேட்காமல் அவள் படத்தைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டியிருந்தார். கழற்றச் சொல்லி அழுதாள். பெற்ற பெண்ணின் படத்தை மாட்ட யாரைக் கேட்க வேண்டும் என்று கத்தினார். மறுநாள் காலையில் முகப்பில் படமும் இல்லை, வீட்டில் அவளும் இல்லை.

'என் பெயரைக் குறிப்பிட வேண்டும்.' நிபந்தனை போட்டால் பாதிப் பேர் வேறு படத்துக்குப் போய்விடுவார்கள். வேண்டாம்.

'படத்தை மாற்றக் கூடாது.' வெட்டட்டும், ஒட்டட்டும். மூட்டுவலித் தைலத்தின் அட்டையில் போடட்டும், பஸ்ஸின் முதுகில் ஒட்டட்டும். எங்கேயாவது ஒருநாள் கண்ணில் பட்டால் போதும்.

கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற முடியாது என்று தளம் எச்சரித்தது. சரி என்று அழுத்தினார்.

கடைசிக் கட்டம்: 'படத்தில் இருப்பவர்களின் சம்மதம் பெற்றிருக்கிறேன்.'

இந்த ஒரு வார்த்தையை அன்றைக்குக் கேட்டிருந்தால் அவள் இந்நேரம் பக்கத்து அறையில் இருந்திருப்பாள்.

சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"நம்ம ரெண்டு பேர் மூஞ்சியையும் இனிமே யார் வேணா எங்க வேணா போட்டுக்குவாங்க. உனக்குச் சம்மதமா?"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். படத்தில் வாசல் கதவைத் திறந்துவைத்து, இருவரும் கேமராவைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். தொழில் பழக்கத்தில் அவர் சுருக்கங்களை எடுத்து, முடியைக் கருப்பாக்கியிருந்தார்.

"சம்மதம்தாங்க. ஆனா என் நரையெல்லாம் திரும்ப வைங்க. நமக்கு எவ்வளவு வயசாயிடுச்சுன்னு அவ பாக்கட்டும்."