பெல்ஜியம் மாப்பிள்ளை

“பையன் முழியே சரியில்ல சார். எங்கிட்ட வுடு, ரெண்டே கேள்வியில கவுத்துடறேன்” என்று அசரியாவின் காதோரம் கிசுகிசுத்தார் குப்புராஜ்.

பெண்ணின் அப்பா அசரியா மாப்பிள்ளை வீட்டாரை ஓரக்கண்ணால் பார்த்தார். கூடத்தில் மாப்பிள்ளைப் பையன் ஜெபராஜ், அப்பா அம்மாவுக்கு நடுவே பவ்யமாக உட்கார்ந்திருந்தான். பெல்ஜியத்தில் ஒரு வைர வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலையாம். அடுத்த மாதமே விமானம் ஏற வேண்டுமாம். அதனால் இன்றைக்கே முடிவு சொல்லிவிட வேண்டுமாம்.

இந்த ‘ஆம்’களில்தான் அசரியாவுக்குச் சந்தேகம். தாம்பரம் சானடோரியத்தில் குடியிருக்கும் அவருடைய நண்பர் ஒருவர் ஜெர்மனி மாப்பிள்ளை என்று நம்பிப் பெண்ணைக் கொடுத்தார். அப்புறம் விசாரித்தால் மாப்பிள்ளை கிண்டி எஸ்டேட்டில் வெல்டராக இருக்கிறான். ஜெர்மனியை மேப்பில்கூடப் பார்த்ததில்லை. அசரியாவுக்கு இருப்பதோ ஒரே பெண். எங்கே போய் யாரை விசாரிப்பது?

“நம்ம பெல்ஜியம் குப்புராஜைக் கூப்பிட்டா என்ன?” என்று யோசனை சொன்னவள் அவர் மனைவி தபீதாள்.

நல்ல யோசனைதான். முடிச்சூர் ரோட்டில் ‘பெல்ஜியம் கண்ணாடிக் கடை’ வைத்திருக்கும் குப்புராஜைத் தெரியாதவர் மேற்குத் தாம்பரத்தில் கிடையாது. அஞ்சு வருஷம் பெல்ஜியத்தில் இருந்து தொழில் கற்று வந்தவர் என்று ஊரே சொல்லும். முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கப் போனால் அந்த நாட்டின் அருமை பெருமையைக் கேட்காமல் வெளியே வர முடியாது. இன்றைக்கு அவர் கோட்டு மாட்டிக்கொண்டே வந்திருந்தார், மே மாத வெயிலில்!

“இன்னா தம்பி, பெல்ஜியம் எப்டி கீது?” தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார் குப்புராஜ்.

“சின்ன நாடு அங்கிள். எக்மோர்ல ஏறி விழுப்புரம் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க நாடே முடிஞ்சிடும். அதுலயும் வடக்க டச்சு பேசுவாங்க, தெக்க பிரெஞ்சு பேசுவாங்க.”

“ஏன், பெல்ஜியம் பாஷைன்னு ஒண்ணு கெடயாதா?”

அசரியா மூச்சைப் பிடித்துக்கொண்டார். பலே, மனுஷன் பொறி வைக்கிறார்!

“அப்படி ஒரு பாஷையே இல்லியே அங்கிள்.”

குப்புராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். “கரெக்ட்” என்றார். அசரியாவுக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

“நீ கீற ஊரு எப்டி?”

“ஆண்ட்வெர்ப். ஸ்டேஷனை ஒட்டின தெரு பூரா வைரம்தான். நம்ம குஜராத்திக்காரங்க வைரத்தைப் பேப்பர்ல மடிச்சு, சட்டைப் பையில போட்டுக்கிட்டுச் சாதாரணமா நடந்து போவாங்க.”

“கரெக்ட். தலைநகரம்?”

“ப்ரஸ்ஸல்ஸ். பெரிய பெரிய கட்டடமெல்லாம் இருக்கு. ஆனா ஜனங்க தேடிப் போய்ப் பாக்கறது ஒரு குட்டிப் பையன் சிலையத்தான். தெருமுனையில நின்னு ஒண்ணுக்குப் போயிட்டே இருப்பான்.”

“ஐயையே! கர்த்தரே, அதைப் போயா செல வச்சிருக்காங்க?” என்று தபீதாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அசரியாவுக்கு முகம் வெளுத்தது. இது கட்டாயம் புளுகு. நம்மூரில் சுவருக்குச் சுவர் ‘அசுத்தம் செய்யாதீர்’ என்று எழுதிப்போட்டே எவனும் கேட்பதில்லை. அங்கே சிலை வைத்துக் கும்பிடுகிறார்களா? குப்புராஜையே பார்த்தார்.

குப்புராஜ் வாயிலிருந்த பஜ்ஜியை நிதானமாக மென்று முடித்தார். “செல கீது. கரெக்ட்.”

“ப்ரூஜ்னு ஒரு ஊர் அங்கிள். பாதித் தெரு வாய்க்கால்தான். வீட்டுச் சுவரை ஒட்டியே படகு போகும். ஆமா, நீங்க எந்த ஊர்ல இருந்தீங்க?”

“கேள்வி கேக்கறது நானா, நீயா?” என்று குப்புராஜ் அதட்ட, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். “மேல சொல்லு. வாய்க்கால்ல முதலை கிதலை உண்டா?”

“அன்னம்தான் அங்கிள். வெள்ளை வெளேர்னு.”

“அப்பால?”

பையன் சொல்லிக்கொண்டே போனான். குளிர்காலத்தில் சாயங்காலத்துக்குள் இருட்டிவிடுவதையும், ஓயாத மழையையும், மிளகு ரசத்துக்கு ஏங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுததையும் அவன் சொன்னபோது, கதவுக்குப் பின்னாலிருந்து பெண் களுக்கென்று சிரித்தாள். அதைக் கேட்டதும் அசரியாவுக்கு ஆசையும் வந்தது, பயமும் வந்தது. குப்புராஜோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, காப்பியில் ஆடை படிவதுகூடத் தெரியாமல் தோண்டித் தோண்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அசரியாவைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். “சொக்கத் தங்கம் சார். கண்ண மூடிகினு பொண்ணக் குடு.”

அப்புறம் என்ன? அசரியா சம்மதம் சொன்னார். சம்பந்தி ஜெபம் செய்தார். பெண்ணின் கழுத்தில் மாமியார் தன் சங்கிலியைக் கழற்றிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமையே சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடுவது என்று பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் டாக்சி ஏறிப் போனார்கள்.

அசரியா குப்புராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. “என் வயித்துல பாலை வார்த்தீங்க. நீங்க மட்டும் இல்லேன்னா அவன் சொல்றது மெய்யா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு நான் என்ன செய்யணும், கூச்சப்படாம கேளுங்க.”

குப்புராஜ் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

“மாப்ளகிட்ட சொல்லி வை சார், சாவறதுக்குள்ள ஒரு தபாவாச்சும் அந்த பெல்ஜியத்தக் கண்ணால பாத்துடணும்!”